ஜெஸிகா பாட்டி ஓட்டிய பேய்

“அம்மா, பாத்ரூம் வரைக்கும் கூட வாயேன்!”

ஒன்பது வயசுப் பையன் ராத்திரி பதினோரு மணிக்கு உலுக்கி எழுப்பி இப்படிக் கேட்டால் என்ன நினைப்பீர்கள்? தூக்கக் கலக்கம் என்றுதான் முதல் நாள் நானும் நினைத்தேன். மறுநாள், தண்ணீர் குடிக்கக் கூடத்துக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றான். மூன்றாம் நாள் படுக்கை நனைந்திருந்தது. நாலு வயசிலேயே விட்டுப் போன பழக்கம்!

மெல்லக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. லீவுக்குப் போன சொந்தக்காரர் வீட்டில், பெரிய பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த பேய்ப் படத்தை இவனும் மூலையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறான்.

மாமியார் விபூதி பூசி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். என் வீட்டுக்காரர், “ஆம்பளைப் பிள்ளை, இதுக்குப் போய் பயப்படலாமாடா?” என்று அதட்டினார். அதட்டியதில் பயம் போகவில்லை. எங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டான். குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரொம்ப நாள் நின்றிருந்த பழக்கம் திடீரென்று திரும்பினால் பயம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக் கூடாதாம். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, “திட்டாதீங்க. ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும். பகல்ல அந்தப் படத்தைப் பத்தி அவனைப் பேச விடுங்க” என்றார்.

பேச விடுவது எப்படி? வாயையே திறக்க மாட்டேன் என்கிறானே! காலேஜில் படிக்கும் என் மூத்த பெண்தான் வழி சொன்னாள். “பேய்ப் படம் எடுக்கிற இடத்தையே காட்டிட்டா என்னம்மா?”

அவள் லேப்டாப்பில் போட்டது ஒரு பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடர், ‘மர்டர், ஷீ ரோட்’. 1984 முதல் 1996 வரை 12 வருஷம் ஓடி, 264 பகுதிகள் வந்ததாம். கதாநாயகி ஜெஸிகா ஃப்ளெச்சர் புருஷனை இழந்தவள், ரிடையரான இங்கிலீஷ் டீச்சர். கடலோர ஊர் ஒன்றில் தட்டச்சு இயந்திரத்தில் துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டு, கார் ஓட்டத் தெரியாமல் சைக்கிளில் போய் வருவாள். போகிற இடத்திலெல்லாம் ஒரு கொலை நடக்கும் (இவளை யார்தான் விருந்துக்குக் கூப்பிடுகிறார்களோ!). கடைசியில் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

“பயந்த பிள்ளைக்குக் கொலைக் கதையா? உனக்கென்ன பைத்தியமா?” என்றேன். பிறகு ஒரு மத்தியானம், அரிசி களைந்து வைத்துவிட்டு நான் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைக்குக் காட்டுவதற்கு முன் தாய் பார்த்துவிட வேண்டும் என்று இப்போது எனக்குப் பிடிவாதம். என் இங்கிலீஷ் பத்தாம் வகுப்போடு நின்றது. கீழே ஓடிய எழுத்தைப் படித்தும், புரியாததைப் பெண்ணிடம் கேட்டும் ஒப்பேற்றினேன்.

1984-ல் வந்த அந்தப் பகுதியின் பெயர் ‘ஹூரே ஃபார் ஹோமிசைட்’. ஜெஸிகா எழுதிய முதல் நாவலை ஹாலிவுட்டில் படமாக எடுக்கிறார்கள். அவள் எழுதியது நயமான துப்பறியும் கதை. அவர்கள் எடுப்பதோ ரத்தமும் ஆபாசமும் நிறைந்த திகில் படம். தடுத்து நிறுத்தக் கிளம்பிப் போகிறாள். தயாரிப்பாளரோடு வாக்குவாதம் முற்றுகிறது. பிறகு அந்த ஆள் கொலையாகிறார். போலீஸ் சந்தேகப்படுவது யாரை என்கிறீர்கள்? ஜெஸிகாவையே! கொன்றது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாமா?

கொலை இருக்கிறதே தவிர, நம்மைக் கண்ணை மூட வைக்கும் காட்சி ஒன்றும் இல்லை. ஏன், யார் என்ற கேள்விதான் கதை. அதற்கு முடிவதற்குள் பதிலும் கிடைத்துவிடுகிறது. பையன் பார்த்த பேய்ப் படத்தில் எதற்குமே பதில் இல்லையாம். கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பதோடு முடிந்துவிட்டதாம். ராத்திரி அந்தக் கதவு எங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவாகிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, அவனை நடுவில் உட்கார்த்தி எல்லோருமாகப் பார்த்தோம். மாமியாரும் வந்துவிட்டார். காமிரா, விளக்கு, டைரக்டர், உடை தைப்பவர் என்று ஒவ்வொன்றும் வரும்போது என் பெண் படத்தை நிறுத்திக் காட்டினாள். “இது செட்டா அக்கா? நிஜ வீடு இல்லையா?” என்று கேட்டான். இரண்டு வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி!

அதில் நடித்தவர்களைப் பற்றி அவள் சொன்னது இன்னும் வேடிக்கை. தயாரிப்பாளராக வரும் ஜான் சாக்ஸன் அதே 1984-ல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ என்ற திகில் படத்தில் கதாநாயகிக்கு அப்பா. நடிகையாக வரும் மெலிஸா சூ ஆண்டர்ஸனும் 1981-ல் ஒரு கொலைகாரப் படத்தில் நடித்தவர்தான். டைரக்டராக வரும் ஜான் ஆஸ்டின், ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ என்ற பேய்க் குடும்ப நகைச்சுவைத் தொடரின் அப்பா. “எல்லாரும் சம்பளத்துக்குப் பேயாட்டம் ஆடறவங்கடா!” என்றாள்.

ஜெஸிகாவாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 58 வயசு. அந்த வயசில் நம் படங்களில் என்றால் மூலையில் உட்கார்ந்து இருமும் பாட்டி வேஷம்தான்! இவரோ 12 வருஷம் முழுத் தொடரையும் தோளில் சுமந்தார். 12 முறை எம்மி விருதுக்குப் பெயர் போயும் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். வாய்ப்பில்லாமல் போன பழைய நடிகர்களைக் கூப்பிட்டு வேஷம் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு சம்பாதித்தால்தான் நடிகர் சங்கத்தின் மருத்துவ இன்ஷூரன்ஸ் தொடருமாம். மேட்லின் ரூ என்ற நடிகை நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தார். அவருக்கு இன்ஷூரன்ஸ் போகாமல் இருக்க, இந்தத் தொடரில் நூலகர் வேஷம் கொடுத்தார்கள். லான்ஸ்பரி 2022-ல் தம் 96-ஆம் வயசில் காலமானார்.

அடுத்த வாரம் பையனே கேட்டான்: “ஜெஸிகா பாட்டி வேற ஷூட்டிங் போகலையா?” போயிருக்கிறாள். 1992-ல் வந்த ‘இன்சிடென்ட் இன் லாட் 7’-ல், ‘சைக்கோ’ படத்துப் பயங்கர வீட்டிலேயே கொலை நடக்கிறது. ஹிட்ச்காக்கின் அந்தப் படம் 1960-ல் வந்தது. அதை இவனுக்குக் காட்டுவதாக இல்லை. எடுத்த விதத்தை மட்டும் சொன்னோம். அந்த வீடு யுனிவர்ஸல் ஸ்டூடியோவில் போட்ட செட். முன்பக்கமும் ஒரு பக்கச் சுவரும்தான் முதலில் கட்டினார்கள். பின்னால் ஒன்றுமே கிடையாது! குளியலறைக் கொலைக் காட்சிக்கு ஏழு நாள் படப்பிடிப்பு. கத்தி வரும் இடமோ முக்கால் நிமிஷம். கறுப்பு வெள்ளைப் படமானதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கத்தி குத்தும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள்.

அவ்வளவுதான்! அன்று சாயந்திரம் ஜூஸுக்கு வைத்திருந்த கிர்ணிப் பழத்தை ஸ்பூனால் குத்திக் குத்திக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சமையல் மேடை முழுவதும் விதையும் சாறும். மாமியார் சத்தம் போட, “பாட்டி, பேய் சத்தம் கேளு!” என்று சிரித்தான். நான் ஒன்றும் சொல்லாமல் துடைத்தேன்.

படுக்கை நனைவது மூன்று வாரத்தில் நின்றது. பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறான். நடைவழி விளக்கு மட்டும் எரிய வேண்டும் என்கிறான். எரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லாதே என்று பெண்ணுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குளியலறைக் காட்சியில் நடித்த ஜேனட் லீ, படத்தைப் பார்த்த பிறகு ஷவரில் குளிக்கவே பயந்து தொட்டியில்தான் குளித்தாராம். சாக்லேட் சிரப் என்று அவருக்குத் தெரியாதா, என்ன?