மன்னாரின் பெயரில் எழுத யாருக்கு அனுமதி?

2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிச் சூறாவளி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கிப் பாம்பன் பக்கம் நகர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் மன்னாரில் அளந்த காற்றழுத்தம் கொழும்புக்கு எவ்வளவு அவசரமோ, சென்னைக்கும் அவ்வளவு அவசரம். உலக வானிலைப் பட்டியலில் மன்னார் நிலையத்தின் எண் 43413, பாம்பனுக்கு 43363.

இத்தகைய அளவீடுகள் பல பத்தாண்டுகளாக வானிலைத் துறைகளுக்கென்றே அமைந்த தனி வலையமைப்பில் ஓடின. அதன் இடத்துக்கு இப்போது வருவது விஸ் 2.0 என்ற புதிய தரவுப் பரிமாற்ற முறை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இது, எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999இல் உருவான எம்.கியூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறையில் இயங்குகிறது. அனுப்புபவர் ஒரு 'டாபிக்'கில் செய்தியைப் போடுவார். அந்த டாபிக்குக்குச் சந்தா வைத்த எல்லோருக்கும் நொடிகளில் போய்விடும்.

டாபிக்கின் பெயர் சாய்கோடுகளால் பிரித்த படிநிலை: எந்த மையம், தரவா விவரக்குறிப்பா, கட்டுப்பாடற்றதா நிபந்தனை உள்ளதா, வானிலையா கடலா என்று இறங்கிக்கொண்டே போகும். இலங்கை மையமானால் அந்த மையத்தின் பெயர் எல்.கே. என்று தொடங்கும், இந்தியாவானால் ஐ.என். மன்னாரின் பெயர் டாபிக்கில் வராது. செய்திக்குள்தான் 0-20000-0-43413 என்று இருக்கும்.

வாசிக்க எவருக்கும் தடையில்லை. பயனர் பெயர் 'எவ்ரிவன்', கடவுச்சொல்லும் 'எவ்ரிவன்'. வங்கிக் கணினிப் பிரிவில் இதைச் சொன்னால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பூட்டு வேறிடத்தில் இருக்கிறது: எழுதும் உரிமை. சூறாவளி இரவில் பொய்யான அழுத்தம் ஒன்று 43413இன் பெயரில் நுழைந்தால், முன்கணிப்பு மாதிரிகள் அதையும் விழுங்கக்கூடும். எனவே பிரான்ஸ், சீனா, பிரேசில் போன்ற நாடுகள் நடத்தும் உலகத் தரகர் கணினிகள், ஒரு மையத்திலிருந்து அதன் சொந்தப் பெயரில் வரும் செய்திகளையே முன்னே அனுப்புகின்றன. படிநிலையில் இல்லாத டாபிக் என்றால் குப்பைதான்.

இந்த விதிகள் எதுவும் யாரோ ஒரு பொறியாளரின் நினைவில் இல்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டாபிக் படிநிலை கிட்ஹப் இணையத்தளத்தில் சாதாரண அட்டவணைக் கோப்புகளாக இருக்கிறது. ஒரு சொல் சேர்க்கவும் முன்மொழிவு, பரிசீலனை, ஒப்புதல் வேண்டும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாது. மையங்களுக்கான இலவச மென்பொருள் விஸ்2பாக்ஸிலும் 'எவ்ரிவன் வாசிக்கலாம்' என்ற அனுமதி, கோப்பிலுள்ள ஓரிரு வரிதான். ஆள்பலம் குறைந்த ஒரு திணைக்களத்தில் வெள்ளம் புகுந்து கணினி கெட்டாலும், இந்தக் கோப்புகளின் பிரதி வேறிடத்தில் இருந்தால் புதிய கணினியில் அதே டாபிக்குகளும் அதே அனுமதிகளும் மறுபடி எழும்.