கைத்தொலைபேசிக்குள் வந்த பணம்: கென்யப் பெண்கள் கற்ற பாடம்

செயற்கை நுண்ணறிவு, ஆளில்லா விமானம், எண்ணிமப் பணம் என்று புதிய தொழில்நுட்பங்களைப் பற்றிய பேச்சு இன்று எங்கும் கேட்கின்றது. இவை யாருடைய கையில் இருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. உலகில் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகச் செலவிடும் பணத்தில் 40 சதவீதத்தை வெறும் 100 நிறுவனங்களே செலவிடுகின்றன என்று ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பு 2025 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் அமெரிக்காவையும் சீனாவையும் சேர்ந்தவை.

ஏற்றத்தாழ்வு என்றால் காணி, சாதி, கல்வி, வருமானம் என்றுதான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது நான் விளங்கிக்கொண்டேன். இன்று கைத்தொலைபேசியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கின்றது. தெற்காசியாவில் கைத்தொலைபேசி வழியாக இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 31 சதவீதம் குறைவு என 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை காட்டியது.

அதற்காகப் புதிய தொழில்நுட்பம் ஏழைப் பெண்ணுக்கு உதவாது என்று முடிவு கட்டிவிட முடியாது. அது கைகொடுத்ததையும், பின்னர் கழுத்தை நெரித்ததையும் ஒரே நாட்டில் பார்க்கலாம். ஆபிரிக்காவிலுள்ள கென்யாதான் அந்த நாடு.

கைகொடுத்த காலம்

2007 மார்ச்சில் கென்யாவில் 'எம்-பெசா' என்ற சேவை ஆரம்பமானது. 'பெசா' என்றால் அவர்களுடைய சுவாஹிலி மொழியில் பணம். நாம் சொல்லும் பைசாவுக்கு உறவான சொல் அது. இதற்கு வங்கிக் கணக்கோ, விலைகூடிய தொலைபேசியோ, இணையமோ தேவைப்படவில்லை. சந்தியிலுள்ள கடைக்காரரிடம் காசைக் கொடுத்தால் அது தொலைபேசிக் கணக்கில் ஏறும். ஒரு குறுஞ்செய்தியில் அதை ஊருக்கு அனுப்பலாம். ஊரில் இருப்பவர் தன் பக்கத்துக் கடையில் காசாகப் பெற்றுக்கொள்வார்.

நகரத்தில் உழைப்பவர் அனுப்பும் பணம் பஸ்ஸில் ஆள் கையில் வந்த காலம் மாறியது. பயிர் பொய்த்தாலும் பிள்ளைக்கு நோய் வந்தாலும் உறவினரின் உதவி அன்றைக்கே வந்து சேர்ந்தது. தன் பெயரில், தன் இரகசிய இலக்கத்தின் கீழ் ஒரு பெண் சிறு தொகையைச் சேமிக்கவும் முடிந்தது.

இதன் பலனை தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் பல வருடங்களாக ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். 194,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமையிலிருந்து மீண்டிருந்தன. ஏறக்குறைய 185,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறியிருந்தனர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் இந்தப் பலன் கூடுதலாக இருந்தது. குடும்பச் சுமையைத் தனித்துச் சுமக்கும் எமது பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கழுத்தை நெரித்த காலம்

2012 இல் அதே தொலைபேசியில் கடனும் வந்தது. பிணை கேட்கவில்லை, படிவம் இல்லை. ஒருவர் எவ்வளவு பேசுகிறார், எவ்வளவு பணம் அனுப்புகிறார் என்பவற்றைக் கணினியே கணக்கிட்டுப் புள்ளி போட்டது. முதலில் வந்த கடன் திட்டத்தில் 30 நாட்களுக்கு 7.5 சதவீதம் கட்டணம். பத்தாயிரம் எடுத்தால் ஒரு மாதத்தில் 750 மேலதிகமாகக் கட்ட வேண்டும். மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே போனால் வருடத்துக்கு 90 சதவீதம்.

பின்னர் பல கடன் செயலிகள் முளைத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று மக்கள் சுழன்றனர். தவணை தவறியதும் சில செயலிகள் தொலைபேசியிலிருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, உறவினருக்கும் வேலை கொடுத்தவருக்கும் அழைப்பெடுத்து அவமானப்படுத்தின. இப்படிச் செய்வதைத் தடுக்கும் விதிகளைக் கென்ய மத்திய வங்கி 2022 இல்தான் கொண்டுவந்தது. முதலாவது கடன் வந்து ஏறக்குறைய பத்து வருடங்கள் கழித்தே சட்டம் வந்தது.

எமக்கு என்ன?

நுண்கடனின் சுமை எமக்குப் புதிதல்ல. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. இன்று எமது கிராமங்களிலும் தொலைபேசிக்குக் கடன் விளம்பரங்கள் வருகின்றன. வாசலுக்கு வரும் ஆளிடம் ஒரு கிழமை தவணை கேட்கலாம், தொலைபேசியிடம் எப்படிக் கேட்பது என்று எங்கள் குழுக்கூட்டம் ஒன்றில் ஒரு தாய் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கின்றது.

ஆகவே சகோதரிகளே, கடன் செயலி எதையும் ஏற்கும் முன் நான்கு விடயங்களைக் கேட்டறியுங்கள். கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு, திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? எத்தனை நாளில் கட்ட வேண்டும்? எமது பெயர்ப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறதா? பிரச்சினை வந்தால் நேரில் போய்ப் பேச ஓர் அலுவலகம் இருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் சொல்லாதீர்கள்.

தொலைபேசியைப் பாவிக்கப் பழகுவதை மகனுக்கோ தம்பிக்கோ விட்டுவிடவும் வேண்டாம். மாதர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால், தெரிந்த ஒருவர் தெரியாத பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கென்யப் பெண்கள் முன்னேறியது கையிலிருந்த சாதாரண தொலைபேசியைக் கொண்டுதான். எமது கையிலும் அது இருக்கின்றது. அதில் என்ன கையெழுத்திடுகிறோம் என்பதை அறிந்து பாவிப்போம்.