பாரத நாட்டின் தேசிய மாணவர் படை

பாரத நாட்டின் தேசிய மாணவர் படை, குன்சுரு குழுவினர் விதந்துரைத்தவாறு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. இதிற் சேரும் மாணவன் பின்னர் இராணுவத்திற் சேரக் கடமைப்பட்டவன் அல்லன். இதனைப் பலர் அறியார். பள்ளி மாணவர் ஈராண்டுப் பயிற்சியின்பின் 'ஏ' சான்றிதழுக்கும், கல்லூரி மாணவர் 'பி', 'சி' சான்றிதழ்களுக்கும் பரீட்சை எழுதுவர். அணிநடை, துவக்குப் பயிற்சி, நிலப்பட வாசிப்பு முதலியன கற்பிக்கப்படும். பயிற்றுவோருள் இராணுவத்தினரோடு, அதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியரும் உளர். மாணவனை ஆண்டு முழுவதும் அறிந்தவர் ஆசிரியரே ஆதலின், இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது.

1962இற் சீனப்போர் மூண்டமையால், 1963இற் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. விருப்பமில்லாதவனை அணியில் நிறுத்தலாம். பயிற்றுவதோ வேறு காரியம். 1968இல் அது மீண்டும் மாணவர் விருப்பத்திற்கே விடப்பட்டது. அவ்வாறு விரும்பிச் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்ற தகுதியுடைய பட்டதாரிகள், எழுத்துப் பரீட்சையின்றியே தரைப்படை அதிகாரித் தெரிவுக்கு அழைக்கப்படுதலும் உண்டு.