ரெண்டே எலெக்‌ஷன்... காணாமப் போன ஒரு தொகுதி!

'உன் எம்.பி. தொகுதி எது மச்சி?' காலேஜ் கேன்டீன்ல இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. கிரிக்கெட் டீமோட பதினோரு பேரையும் மூச்சு விடாமச் சொல்றவங்க, இதுக்கு மட்டும் விட்டத்தைப் பார்ப்பாங்க. ஆர்.கே.பேட்டைக்காரங்க கொஞ்சம் யோசிச்சா அவங்களை மன்னிச்சு விட்டுடலாம். ஏன்னா அந்த ஏரியாவுல மாநிலமும் மாறியிருக்கு, மாவட்டமும் மாறியிருக்கு, தொகுதியும் மாறியிருக்கு. ஊர் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு!

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீளமான பேரைச் சுருக்கினா ஆர்.கே.பேட்டை. தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள், பஸ்ல தமிழும் தெலுங்கும் கலந்து ஓடுற பேச்சு, அந்தப் பக்கம் ஆந்திரா, இந்தப் பக்கம் திருத்தணி முருகன். இந்த வட்டாரத்துக்குன்னு ஒரு காலத்துல 'திருத்தணி' என்ற பேர்லயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. இப்போ இல்லை. அது ஏன் வந்தது, எப்படிப் போச்சு? சின்னதா ஒரு ஃப்ளாஷ்பேக்!

மலை நகரலை, மேப் நகர்ந்தது!

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தப்போ, அது வட ஆற்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம்னு புதுசா ஒண்ணு உருவானப்போ, திருத்தணி அதுல சேர்ந்துச்சு. அப்போ எல்லாமே மெட்ராஸ் மாகாணம்தானே, யாரும் பெருசா அலட்டிக்கலை.

சிக்கல் வந்தது 1953-ல். அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் மொத்தமா அந்தப் பக்கம் போக, கூடவே திருத்தணியும் போயிடுச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவங்க நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துல ஏகப்பட்ட பேர் சிறைக்குப் போனாங்க. கடைசியில் படாஸ்கர் என்பவரை நடுவரா வெச்சு ரெண்டு மாநிலமும் எல்லையைப் பேசி முடிச்சாங்க. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியும் பள்ளிப்பட்டு பகுதியும் சேர்த்து முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்கு சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி கிடைக்கலை, திருத்தணி கிடைச்சது.

ஏப்ரல் 1-ம் தேதி காலையில தூங்கி எழுந்தவங்களுக்கு மாநிலமே மாறிப்போச்சு. அது ஏப்ரல் ஃபூல் இல்லை, நிஜம்! புது விலாசம், செங்கல்பட்டு மாவட்டம்.

ரெண்டு சீட் போச்சு, ஒரு தொகுதி வந்துச்சு

நாட்டுல மக்கள்தொகை கணக்கெடுப்பு முடிஞ்சதும், அதை வெச்சு தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவாங்க. அதுக்குன்னு அமைக்கப்படுறதுதான் தொகுதி மறுவரையறை ஆணையம். 1961 கணக்கெடுப்புக்கு அப்புறம் நடந்த மறுவரையறையில் ரெண்டு விஷயம் நடந்தது.

ஒண்ணு, 1962 வரைக்கும் 41 எம்.பி.க்களை அனுப்பிய மெட்ராஸ் மாநிலத்துக்கு இனி 39 தான்னு ஆச்சு. காரணம், அந்தப் பத்து வருஷத்துல இங்கே மக்கள்தொகை வளர்ந்த வேகம், நாட்டு சராசரியைவிட ரொம்பக் குறைவு. இன்னொண்ணு, அந்த 39-ல் ஒண்ணா 'திருத்தணி' இடம்பிடிச்சது. ஏழு வருஷம் முன்னாடி வேற மாநிலத்துல இருந்த ஊர், இப்போ ஒரு மக்களவைத் தொகுதியோட தலைப்பு!

கோஷம் போட்டவங்களுக்கு ஓட்டில்லை

1967 தேர்தல். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1965 ஜனவரியில் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னால நின்னு நடத்தினது யார்? நம்மள மாதிரி காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்தான். ஆனா அவங்கள்ல பல பேரால 1967-ல் ஓட்டுப் போட முடியலை. ஏன்னா அப்போ ஓட்டுரிமை வயசு 21! அது 18 ஆனது 1989-ல்தான். ஓட்டில்லைன்னா என்ன, வீடு வீடாப் போய் பிரசாரம் பண்ணாங்க. விருதுநகரில் காமராஜரையே பெ.சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர் தோற்கடிச்ச தேர்தல் அது.

தி.மு.க. நிறுத்திய 25 எம்.பி. வேட்பாளர்களும் ஜெயிச்சாங்க. திருத்தணியின் முதல் எம்.பி. ஆனவர், அந்த 25 பேர்ல ஒருத்தரான எஸ்.கே.சம்பந்தன்.

தோத்தவர் ஜெயிச்ச கதை

1971-ல் திருத்தணிக்கு வந்தவர்தான் இந்தக் கதையோட ஹீரோ. ஓ.வி.அழகேசன், காங்கிரஸ்காரர். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்துல ரயில் கவிழ்ந்து 140 பேருக்கு மேல இறந்தப்போ, ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. துணை மந்திரி அழகேசன். சாஸ்திரி ராஜினாமா செஞ்சது எல்லாப் பாடப்புத்தகத்திலயும் இருக்கு. ஆனா இங்கே 1957 தேர்தல் மேடைகள்ல அரியலூரையும் அழகேசன் பேரையும் எதுகை மோனையில் கோர்த்து தி.மு.க.வினர் போட்ட கோஷம்தான் ஃபேமஸ். அழகேசன் தோத்தார்.

1962-ல் செங்கல்பட்டில் ஜெயிச்சு மறுபடி மந்திரி ஆனார். 1965 பிப்ரவரி. மொழிப் போராட்டத்துல தமிழ்நாடு பத்தி எரியுது. மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தாங்க. பிரதமர் சாஸ்திரி அதை ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி ஏத்துக்கலை. அந்த ஜனாதிபதி யார் தெரியுமா? நம்ம திருத்தணி ராதாகிருஷ்ணன்தான்!

அப்படியும் 1967 அலையில் அழகேசனும் அடிச்சுட்டுப் போனார். ஆனா 1971-ல் சீன் தலைகீழ். காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சு, இந்திரா காந்தி அணியும் தி.மு.க.வும் கைகோத்துட்டாங்க. சட்டசபைக்கு ஒரு சீட்கூட கேட்காத இந்திரா காங்கிரஸ், தமிழ்நாட்டில் ஒன்பது எம்.பி. சீட்டில் மட்டும் நின்னு ஒன்பதையும் ஜெயிச்சது. அதுல ஒண்ணு திருத்தணி. யார் கோஷம் போட்டுத் தோற்கடிச்சாங்களோ, அவங்க தோள்லயே ஏறி ஜெயிச்சு டெல்லிக்குப் போனார் அழகேசன். அரசியல்ல இதெல்லாம் சகஜமப்பா!

அதோட திருத்தணி தொகுதியின் கதை முடிஞ்சது. கணக்கு பாருங்க. மொத்தம் ரெண்டே தேர்தல். முதல் சபை 1970 டிசம்பரில், ஒரு வருஷம் முன்னாடியே கலைஞ்சது. ரெண்டாவது சபை எமர்ஜென்சி புண்ணியத்துல ஒரு வருஷம் கூடுதலா ஓடுச்சு. கூட்டிக் கழிச்சா ஆயுள் பத்து வருஷம்.

அண்ணன் அங்கே, தம்பி இங்கே

அடுத்த மறுவரையறைக்குப் பிறகு, 1977 தேர்தலில் 'திருத்தணி' எம்.பி. தொகுதி இல்லை. ஆர்.கே.பேட்டை இருக்கிற பள்ளிப்பட்டு சட்டமன்றத் தொகுதி, அரக்கோணம் என்ற மக்களவைத் தொகுதிக்குப் போச்சு. திருத்தணி சட்டமன்றத் தொகுதியை ஸ்ரீபெரும்புதூரோட சேர்த்துட்டாங்க. ஒரே சந்தை, ஒரே ஆடிக் கிருத்திகை, ஒரே பஸ் ரூட். ஆனா எம்.பி. வேற வேற! ரெண்டு பக்கமும் சேர்ந்து போய் ஒரு ரயில் கேட்கணும்னாகூட ரெண்டு எம்.பி. வீட்டு வாசல்ல நிக்கணும்.

1977-ல் அரக்கோணத்துல ஜெயிச்சது யாருங்கிறீங்க? அதே அழகேசன். இந்த முறை அ.தி.மு.க. கூட்டணி, எதிர்ப்பக்கம் தி.மு.க.! அப்புறம் ஏ.எம்.வேலு, மூணு தடவை தொடர்ந்து ஆர்.ஜீவரத்தினம், மறுபடி ஏ.எம்.வேலு த.மா.கா.வில், 1998-ல் அ.தி.மு.க.வின் சி.கோபால், 1999-ல் தி.மு.க.வின் ஜெகத்ரட்சகன்னு வரிசை நீளுது. 2004-ல் ஜெயிச்ச பா.ம.க.வின் ஆர்.வேலு, ரயில்வே இணை மந்திரி ஆனார். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-லயே கடந்து போன அரக்கோணத்துக்குப் பொருத்தமான பதவிதான்.

ஒன்பது தேர்தல் பிரிஞ்சிருந்த ரெண்டு பக்கமும் 2009-ல் மறுபடி சேர்ந்தது. 2008 மறுவரையறையில் திருத்தணி சட்டமன்றத் தொகுதி அரக்கோணத்துக்குள்ள வந்துடுச்சு. சந்தோஷப்படுறதுக்குள்ள இன்னொரு ஷாக். பள்ளிப்பட்டு சட்டமன்றத் தொகுதியையே எடுத்துட்டாங்க! அதன் ஊர்களைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் அரக்கோணத்துல 2009, 2019, 2024-ல் ஜெகத்ரட்சகன், நடுவுல 2014-ல் அ.தி.மு.க.வின் கோ.அரி.

சரி பாஸ், இதெல்லாம் நமக்கெதுக்கு?

நல்ல கேள்வி. 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம், மாநிலங்களோட எம்.பி. எண்ணிக்கையை அப்படியே ஃப்ரீஸ் பண்ணுச்சு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்ச மாநிலம் சீட் இழக்கக் கூடாதுங்கிறது அதுல முக்கியமான நியாயம். 2001-ல் 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வரைக்கும் நீட்டிச்சது. 2008-ல் எல்லைக்கோடுகள் மட்டும் மாறி, 39 அப்படியே நின்னது இதனாலதான். ஆக, மறுவரையறைன்னு டெல்லியில யார் பேசினாலும், நம்ம ஊர்ல காது விடைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஏற்கெனவே ரெண்டு சீட் இழந்த அனுபவம்!

2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதையே கேட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தினதுக்காக ரெண்டு எம்.பி.க்களை இழந்த மாநிலத்துக்கு ஏன் 5,600 கோடி ரூபாய் இழப்பீடு தரக் கூடாதுன்னு மத்திய அரசைப் பார்த்துக் கேள்வி. ரெண்டு சீட் பெரிய விஷயமான்னு நினைச்சா, 1999 ஏப்ரலை ஞாபகப்படுத்திக்குங்க. வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது ஒரே ஒரு ஓட்டுல. 269-க்கு 270!

இதுக்கு மறுபக்கமும் உண்டு. சீட் எண்ணிக்கை உறைஞ்சே கிடந்தா, மக்கள்தொகை கூடின மாநிலத்துல ஒரு எம்.பி. நம்ம எம்.பி.யைவிட ரொம்ப அதிகம் பேருக்குப் பதில் சொல்லணும். அங்கே ஒரு ஓட்டோட மதிப்பு குறையுதுன்னு அவங்க சொல்றதையும் தள்ளிட முடியாது. ரெண்டு நியாயத்துக்கும் நடுவுலதான் கோடு போடணும்.

இன்னொரு மேட்டர். ஆணையத்தோட இறுதி உத்தரவு வந்தாச்சுன்னா அதுக்குச் சட்டத்தோட பலம். கோர்ட்டுக்குப் போய் அதை மாத்திட முடியாதுன்னு அரசியல் சட்டமே பெரும்பாலும் கதவைச் சாத்தி வெச்சிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஜன்னல் திறந்திருக்கும். வரைவு அறிக்கையை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொதுமக்கள் முன்னால கூட்டம் நடத்துவாங்க. 'எங்க ஊரையும் பக்கத்து ஊரையும் பிரிக்காதீங்க'ன்னு சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பெரும்பாலும் அந்தக் கூட்டங்கள்ல கரைவேட்டிகள்தான் நிறைஞ்சிருக்கும். ஜீன்ஸும் சுடிதாரும் கொஞ்சம் போய் உட்கார்ந்தா என்ன?

1965-ல் ஓட்டில்லாத ஸ்டூடண்ட்ஸே ஒரு ஆட்சியை மாத்துற அளவுக்குத் தெருவுக்கு வந்தாங்க. நம்ம கையில ஓட்டு இருக்கு. முதல் வேலையா பர்ஸ்ல இருக்கிற வாக்காளர் அட்டையை எடுத்து, நீங்க எந்தத் தொகுதின்னு பாருங்க. அப்படியே வீட்டுல தாத்தா பாட்டிகிட்ட, 'உங்க காலத்துல நம்ம ஊர் எந்தத் தொகுதி?'ன்னு கேளுங்க. ரெண்டு பதிலும் ஒண்ணா இல்லைன்னா, நடுவுல யாரோ ஒரு கோடு போட்டிருக்காங்கன்னு அர்த்தம்!