பத்து நாள் கேட்கும் உடம்பு

அக்டோபரில் சிகாகோ குளிரத் தொடங்கிவிடும். 2007-ஆம் ஆண்டு அந்த மாதம் 7-ஆம் தேதி, நகர மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமை, வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தொட்டது. முப்பத்தைந்தாயிரம் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒவ்வொருவராகச் சுருண்டு விழ, ஆம்புலன்ஸ்கள் போதாமல் போயின. மூன்றரை மணி நேரம் கழிந்த நிலையில் ஓட்டத்தை நிறுத்தும் முடிவு வந்தது. பின்னால் இருந்த ஆயிரக்கணக்கானோரிடம் ஓடாமல் நடந்து வரச் சொன்னார்கள்.

31 டிகிரியில் என்ன இருக்கிறது என்று சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான விடை வெயிலில் இல்லை, ஓடுகிறவரின் உடம்புக்குள் இருக்கிறது.

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்கு 650 கிலோகலோரி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கால்களை நகர்த்துகிறது. மிச்சம் 520 வெறும் சூடு. அவருடைய உடல் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்க 54 கிலோகலோரி போதும். அந்தச் சூடு வெளியேற வழியே இல்லாவிட்டால், ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரம் ஓடுகிறவர் நான்கு மணி நேரமும் இந்தச் சூட்டை இறக்கிக்கொண்டேதான் ஓடுகிறார். நம் உடம்பு செய்யும் வேலைகளில் இதைப் போல் வியக்கவைப்பது அதிகமில்லை.

அதைச் செய்பவை தோலில் இருக்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கணக்குப்படி மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்தால் நம் ஓட்டக்காரர் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு லிட்டரும் ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. மண்பானையின் வெளிப்புறம் கசியும் ஈரம் காற்றில் போனால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. புழுக்கமான நாளில் பானையும் தோற்கும், தோலும் தோற்கும்.

வெப்பமானி மட்டும் பார்த்தால் போதாது என்பது இதனால்தான். 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சரிந்தபோது ஒரு புதிய அளவீட்டை உருவாக்கினார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

வியர்வையைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1912-இல் ஸ்டாக்ஹோமில், 30 டிகிரியைத் தாண்டிய ஒரு ஜூலைப் பகலில், போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ மாரத்தானில் மயங்கி விழுந்து மறுநாள் இறந்தார். வெயில் படாமலிருக்க உடம்பில் கொழுப்பு பூசிக்கொண்டு ஓடியிருந்தார் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் சூட்டுக்கு அஞ்சி, உள்ளிருந்து போகவேண்டிய சூட்டை அடைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு ரத்தமும் வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குச் சுமந்து வருவது அதுதான். தசைகளும் அதே ரத்தத்தைத்தான் கேட்கின்றன. வியர்க்க வியர்க்க அதன் அளவும் குறைகிறது. இதயம் வேகமாக அடித்து இரண்டுக்கும் பங்கிடப் பார்க்கிறது. வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி.

இனி சென்னைக்காரரின் கேள்விக்கு வருவோம். தினமும் வெப்பத்தில் உழைத்தால் பத்து முதல் பதினான்கு நாட்களில் உடம்பு மாறிவிடுகிறது. ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறையச் சுரக்கும், அதில் உப்பு குறையும். அதே வேகத்துக்கு இதயம் முன்பை விட மெதுவாகத் துடிக்கும். அந்த அவகாசம் கிடைக்காமல் திடீரென வரும் 31 டிகிரியும், பழகிய 31 டிகிரியும் ஒன்றல்ல. பாஸ்டன் மாரத்தான் ஏப்ரலில் நடக்கிறது. பனிக்காலம் முழுக்கப் பயிற்சி செய்தவர்கள் பலர் அதற்கு வருகிறார்கள். 2012-இல் அங்கும் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. விரும்பினால் அடுத்த ஆண்டு ஓடலாம் என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். பதிவுசெய்தவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடவில்லை. முந்தைய ஆண்டு, சாதகமான காற்றில், 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் வென்ற ஜெஃப்ரி முத்தாய் பாதி தூரம் தாண்டியபின் விலகினார். வென்ற வெஸ்லி கோரிருக்கு 2 மணி 12 நிமிடம் 40 விநாடி ஆனது.

எனக்குக் கவலை முன்னால் ஓடுகிறவர்களைப் பற்றியல்ல. சிகாகோவில் பேட்ரிக் இவுட்டி 2 மணி 11 நிமிடத்தில் ஓடி முடித்தபோது காலை பத்தரைகூட ஆகவில்லை. ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர்தான் உச்சி வெயிலை முழுதாக வாங்கினார். பயிற்சியும் அவருக்கே குறைவு. தண்ணீர்ப் பந்தலை அடைந்தபோது தண்ணீர் தீர்ந்திருந்தது என்று சொன்னவர்களும் பின்வரிசைக்காரர்களே. மாரத்தானின் பெரும்பகுதி அவர்கள்தான் என்பதால் ஏற்பாடுகளை அவர்களை வைத்தே அளக்க வேண்டும். பிறகு சிகாகோ, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிலைமைக்கேற்ற கொடிகளைப் பாதை நெடுகப் பறக்கவிடும் முறையைக் கொண்டுவந்தது.

தண்ணீரும் அளவோடுதான் உதவும். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே நீர்த்திருந்தது. ஓடும்போதே எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களிடம் இது அதிகம்.

எல்லாவற்றிலும் கொடியது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும் நிலை அது. தடுமாறுகிற மூளைக்குத் தான் தடுமாறுவது தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லியபடியே தவறான திசையில் நடப்பார். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு ஓடத்தான் நம் கை பரபரக்கும். ஆனால் மருத்துவ ஏற்பாடு அங்கேயே இருந்தால் முதலில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும், பயணம் பிறகுதான். அரை மணி நேரத்துக்குள் 40-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஆகஸ்ட் வெயிலில் ஆண்டுதோறும் 11 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுப் பதிவுகளைப் புரட்டியபோது 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்திருந்தது தெரிந்தது. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தொட்டிகள் தயாராக இருந்தன. 274 பேரும் பிழைத்தார்கள்.