கையொப்பமிடும் முன் கேளுங்கள்

சென்ற நோன்புக்குச் சில நாட்களுக்கு முன்னர் எங்கள் மத்ரஸாவில் ஓதும் பிள்ளையொன்றின் தாயார் கையில் ஒரு தாளுடன் என்னைக் காண வந்தார். இளைய பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, ஒரு மருந்து பற்றிய ஆய்வில் பிள்ளையைச் சேர்க்க விருப்பமா என்று கேட்டு அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். "ஹஸ்ரத், இதில கையொப்பம் வைக்கலாமா? எங்கட பிள்ளைய வச்சுப் பரிசோதனை செய்யப் போறாங்களோ என்று பயமா இருக்கு" என்றார்.

"வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு இலகுவாக இருந்தது. பொறுப்பும் தீர்ந்திருக்கும். ஆனால் அந்தத் தாயின் பயத்துக்கும் நியாயம் உண்டு, பயந்து ஒதுங்குவதால் வரும் கேட்டுக்கும் சான்று உண்டு. இரண்டையும் ஒரே ஊரில் காணலாம். அது நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ நகரம். அங்கு மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற முஸ்லிம்கள்.

1996ஆம் ஆண்டு நைஜீரியாவில் மெனிஞ்சைடிஸ் என்னும் மூளையுறைக் காய்ச்சல் பரவியது. ஹஜ்ஜுக்குச் செல்வோருக்குத் தடுப்பூசி போட்டு அனுப்புகிறார்களே, அதே நோய்தான். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 12,000 பேர் மரணித்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் கானோவின் தொற்றுநோய் வைத்தியசாலையில் வழக்கமான மருந்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். அதே வளவுக்குள் அமெரிக்காவின் ஃபைசர் மருந்துக் கம்பனியின் குழுவொன்றும் வந்தது. ட்ரோவன் என்ற தனது புதிய மருந்தை 100 பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே பாவனையிலிருந்த வேறொரு மருந்தை 100 பிள்ளைகளுக்கும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சில வாரங்களில் புறப்பட்டுப் போய்விட்டது.

அவர்களில் 11 பிள்ளைகள் மரணித்தனர். வேறு சிலர் உடல் ஊனத்துக்கு ஆளாகினர். நோயின் கடுமைதான் காரணம் என்றது கம்பனி. இது ஆய்வு என்று எங்களுக்குச் சொல்லவேயில்லை, சிகிச்சை என்றே நினைத்தோம் என்றார்கள் பெற்றோர். வாய்மூலம் சம்மதம் பெற்றோம் என்று கம்பனி பதில் சொன்னது. ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்ததாகக் காட்டப்பட்ட கடிதம், ஆய்வு முடிந்த பின் முந்திய திகதியிட்டு எழுதப்பட்டது என்பது பின்னர் செய்தியாளர் விசாரணையில் வெளியானது. வழக்குகள் பல வருடங்கள் இழுபட்டன. 2009இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, கம்பனி 75 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டது. முதல் நான்கு குடும்பங்களின் கைக்கு இழப்பீடு வந்து சேர்ந்தது 2011இல். பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2003இல் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்தவர்களைக் கானோ திருப்பி அனுப்பியது. அதில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற பேச்சு பரவியது. மார்க்கத் தலைவர்கள் சிலரே அதனை முன்னின்று சொன்னார்கள்; மாநில அரசும் மருந்தேற்றலை நிறுத்தியது. நம் நாட்டுக் கிளினிக்குகளில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட சொட்டு மருந்துதான் அது. அதனால்தான் 1993க்குப் பிறகு இங்கே ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. எனினும் கானோ மக்களை அறிவீனர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒருமுறை நம்பிப் பார்த்தவர்கள். விசாரித்துப் பார்க்காமல் மிம்பரில் ஏறிப் பேசியவர்களைத்தான், ஓர் ஆலிம் என்ற வகையில், என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறு ஆண்டு, முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்தென்றால் ஏற்கிறோம் என்று கானோ இணங்கியது. அதற்கிடையில் கிருமி பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2005இல் யெமனிலும், பத்து வருடங்களாகப் போலியோ இல்லாதிருந்த அந்த இந்தோனேசியாவிலுமே நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கால்கள் முடங்கின. கிருமியை ஆராய்ந்தபோது அது நைஜீரியாவிலிருந்து சென்றது என்று தெரிந்தது.

உடைந்த நம்பிக்கையை மீண்டும் கட்டியெழுப்பப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றது. சொகொட்டோ சுல்தானும் ஏனைய பாரம்பரியத் தலைவர்களும் வெளியில் வந்து பேசினார்கள். அதைவிடப் பெரிய வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அந்தந்தக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாகச் சென்று, உம்மாமாரோடு திண்ணையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். 2013 பெப்ரவரியில் கானோவில் சொட்டு மருந்துப் பணியிலிருந்த பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் பணி நிற்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஆபிரிக்கப் பிராந்தியம் இயற்கையான போலியோக் கிருமியற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

அப்படியானால் ஆய்வே வேண்டாமா? பங்களாதேஷின் மத்லப்பைப் பாருங்கள். ஆறுகள் சூழ்ந்த கிராமங்கள், மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வாந்திபேதி ஆய்வு நிலையமொன்று 1963 முதல் அங்கே வைத்தியசாலை நடத்தி வருகிறது. நோயாளியைப் படகில் ஏற்றிவந்து இலவசமாகச் சிகிச்சை செய்தார்கள். ஊர்ப் பெண்களையே பயிற்றி வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1985இல் வாந்திபேதிக்கு வாய்வழித் தடுப்பு மருந்தொன்றை ஆராய வேண்டி வந்தபோது, பெண்களும் பிள்ளைகளுமாக 60,000க்கு மேற்பட்டோர் மூன்று வேளை மருந்தையும் முழுமையாகக் குடித்தார்கள். மருந்து யாருக்கு, மருந்தற்ற பானம் யாருக்கு என்பது குடித்தவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் ஒப்பிட முடியும். அதிலிருந்து கிடைத்த அறிவு இன்று உலகெங்கும் வாந்திபேதித் தடுப்பில் பயன்படுகிறது. உப்பும் சீனியும் கலந்த ஜீவனியை நாம் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிறோமே, அதனையும் 1968இல் இதே நிலையத்தினர்தான் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள்.

மத்லப்பில் கேட்டவர்கள் இருபது வருடமாகக் கூடவே இருந்தவர்கள். கானோவில் கேட்டவர்கள், பிள்ளை சாகக் கிடந்த நேரத்தில் வந்து, வந்த வேகத்திலேயே போனவர்கள்.

இதையெல்லாம் அந்தத் தாயாருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தாளை வாசித்துப் பார்த்தோம். தமிழில்தான் இருந்தது, ஆனால் மொழிபெயர்ப்பு எனக்கே கரடுமுரடாகத் தெரிந்தது. விளங்காத இடங்களைப் பென்சிலால் கோடிட்டேன். நம் நாட்டிலும் இப்படியான ஆய்வுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். மருந்து ஆய்வுகளைப் பதிவதற்கென்று 2006 முதல் ஒரு பதிவேடும் இருக்கிறது. எந்தக் குழு அனுமதித்தது, எங்கே பதிந்திருக்கிறது என்று கேளுங்கள் என்றேன். சேராவிட்டால் பிள்ளைக்கு வழமையான சிகிச்சை குறையுமா, இடையில் விலக விரும்பினால் விடுவார்களா என்று கேட்க வேண்டும். குறையாது, விலகலாம் என்பதே சரியான பதில். பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் யார் பொறுப்பு, நடுராத்திரியில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, முடிவு என்னவென்று எங்களுக்கும் சொல்வீர்களா என்பதையும் கேட்க வேண்டும். டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். நல்ல ஆய்வாளர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

"அப்ப வைக்கவா, வேணாமா ஹஸ்ரத்?" என்று மறுபடியும் கேட்டார். அதை நான் சொல்ல முடியாது, பிள்ளை உங்கள் அமானத், பதிலைக் கேட்ட பிறகு நீங்களும் பிள்ளையின் வாப்பாவும் மஷூரா செய்து முடிவெடுங்கள் என்றேன். கோடிட்ட தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கிளினிக் இருக்கிறது, அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சென்றார்.