கணக்கின் பெயர் ஒன்று, கடிதத்தின் பெயர் ஒன்று

“தேர்வு எண்ணைத் தட்டித்தான் கணினிக்குள் நுழைகிறேன். ஆனால் என் மின்னஞ்சல் முகவரியில் என் பெயர் வருகிறதே, அது எங்ஙனம்?” என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அஞ்சல் வழங்கியை ஓரளவு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் எலப்புள்ளி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழக எல்லைக்கு அருகில் இருப்பது. 1956 நவம்பர் 1 வரை அது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று முதல் கேரளத்தைச் சேர்ந்தது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. முகவரியின் கடைசி வரிதான் மாறிற்று. இருக்கும் இடம் வேறு, அதை உலகம் அழைக்கும் பெயர் வேறு என்பதை எங்கள் ஊராருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அஞ்சல் வழங்கியின் சங்கதியும் ஏறக்குறைய இதுவேதான்.

யூனிக்ஸ் வகைக் கணினிக்கு நம் பெயர் தெரியாது. ஓர் எண்தான் தெரியும். அந்த எண்ணின்மேல் மனிதர் வசதிக்காக ஒட்டிய சீட்டே பயனர் பெயர். பழைய யூனிக்ஸில் அச்சீட்டில் 8 எழுத்துக்கு மேல் இடமில்லை. எங்கள் ஊர்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 9 எழுத்து! வாலை வெட்டித்தான் உள்ளே விட வேண்டும்.

இனி, ஆய்வுக்கூடக் கணினி ஒன்றிலிருந்து கட்டளை வழியே ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். வேறு ஏற்பாடு இல்லையெனில், கணினி உங்கள் பயனர் பெயரை எடுத்து, ‘@’ குறியிட்டு, அதன்பின் தன் பெயரையே ஒட்டி அனுப்புநர் முகவரி ஆக்கிவிடும். அந்தக் கணினியின் பெயரோ கட்டடத்துக்கு வெளியே எவருக்கும் தெரியாது. உதவித்தொகை கேட்டு எழுதிய கடிதமாயின், அவர்கள் இசைந்து எழுதும் பதில் எங்கே போய்ச் சேரும்? சில வழங்கிகள், இல்லாத ஊரிலிருந்து வந்த கடிதம் இது என்று வாசலிலேயே திருப்பிவிடும்.

இதற்கு மருந்து ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் இன்னொரு பெயர்; அவ்வளவே. எரிக் ஆல்மன் பெர்க்கிலியில் எழுதி 1983இல் வெளிவந்த செண்ட்மெயிலிலும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் உண்டு. வீட்சே வெனிமா ஐ.பி.எம். நிறுவனத்தில் எழுதி 1998இல் வெளியான போஸ்ட்பிக்ஸிலும் உண்டு. போஸ்ட்பிக்ஸில் வெளியே செல்லும் கடிதத்துக்கு ‘ஜெனரிக்’ என்னும் அட்டவணை; அது கணக்கின் பெயரை உலகறிந்த முகவரியாக மாற்றும். உள்ளே வருவதற்கு ‘வெர்ச்சுவல்’ அட்டவணை. அது முகவரியைக் கணக்கின் பெயராக மாற்றும். இரண்டும் வேண்டும். முன்னதை மட்டும் எழுதினால், அழகான முகவரியோடு கடிதம் போகும். பதில் வரும்போது “அப்படி ஒருவர் இங்கில்லை” என்று வழங்கி கைவிரிக்கும். அட்டவணையைத் திருத்தியபின் ‘போஸ்ட்மேப்’ கட்டளையால் அதைத் தேடுபட்டியலாக்க வேண்டும். இல்லையேல் வழங்கி பழைய ஏட்டையே புரட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்குக்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதில்தான் நமக்கு நன்மை. எலப்புள்ளியை ரோமன் எழுத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் எழுதிவைத்தால் எது வந்தாலும் கடிதம் சேரும். இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 2012இல் வந்த தரநிலைகளின்படி முகவரியைத் தமிழிலேயே எழுதலாம். போஸ்ட்பிக்ஸ் 2015 முதல் இதை ஏற்கிறது. கணக்கின் பெயர் ரோமன் எழுத்திலேயே இருக்கட்டும். தமிழ் முகவரியை அதனோடு பொருத்த அட்டவணையில் ஒரு வரி போதும். ஆயினும் இடம் குறைவு. ‘@’ குறிக்கு முன் 64 பைட்டுகளே உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ‘எலப்புள்ளி’ என்ற சொல் மட்டும் 30 பைட்டுகளை விழுங்கிவிடும்! எதிர்முனை வழங்கியும் இம்முறையை அறிந்திருக்க வேண்டும். அறியாததெனில் கடிதம் திரும்பும். ஆதலால் ரோமன் முகவரியையும் உடன் வைத்துக்கொள்வதே இன்றைக்கு அறிவுடைமை. எனினும் தமிழ் முகவரி வேண்டும் என்று நம் கணினி மையத்தில் கேட்கும் முதல் குரல் தமிழ்ச் சங்கத்தின் குரலாக இருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

படிப்பு முடிந்து போனவரின் முகவரியை அதே பெயருடைய புது மாணவருக்குக் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். முன்னவரின் வங்கிக் கடிதமும் வேலை ஆணையும் பின்னவர் பெட்டியில் விழும். பழைய வரியை நீக்கினாலும் அந்தப் பெயரைப் பல்லாண்டு காலியாகவே விட்டுவைக்கலாம்.

எவ்வளவு சிறிய வழங்கியாயினும் அஞ்சல் தலைவர் என்று பொருள்படும் ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரி அதில் இருந்தே ஆக வேண்டும் என்பது அஞ்சல் நெறிமுறையின் விதி. உங்களுக்கு வரவேண்டிய பதில் வராவிடில், அந்த முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். அட்டவணையில் உங்கள் வரி எங்கே அறுந்தது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் அவரே.